வேற்றுரு: கிழக்காசிய ஆய்வு நல்கைகளும் எங்கள் கரைப் பெண்களும்

ஆய்வு நல்கை அறிவிப்பை யாரும் ஒரு பிரதியாக வாசிப்பதில்லை. கடைசித் தேதியைப் பார்ப்போம், தொகையைப் பார்ப்போம், வயது வரம்பைப் பார்த்ததும் மூடிவிடுவோம். தமிழ் இலக்கியம் படித்த எனக்கு வேறொரு பழக்கம் உண்டு. எந்தப் பாட்டாக இருந்தாலும் கூற்று யாருடையது, கேட்போர் யார் என்று முதலில் கேள் என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். கிழக்காசிய ஆய்வு மையங்களின் ஃபெல்லோஷிப் அறிவிப்புகளிடம் அதே கேள்வியைக் கேட்டால் விடை தெளிவாகவே இருக்கிறது. கூற்று நிறுவனத்தினுடையது. கேட்போன் இளைஞன். ஆங்கிலத்தில் ஆய்வுத்திட்டம் எழுதத் தெரிந்தவன். சீனமோ ஜப்பானியமோ கொரியமோ ஓரளவு கற்றவன், அல்லது கற்க நேரம் உள்ளவன். ஓராண்டு, ஈராண்டு ஊரைவிட்டுப் போனால் வீட்டில் அடுப்பு அணையாதவன். ‘அன்’ விகுதியைத் தெரிந்தேதான் போடுகிறேன். அறிவிப்பின் கடைசி வரியில் ‘பெண்கள் விண்ணப்பிக்க ஊக்குவிக்கப்படுகிறார்கள்’ என்று ஒன்று இருக்கும். பாட்டு முழுவதும் தலைவன் கூற்றாக ஓடிவிட்டு, கொளுவில் மட்டும் தோழியின் பெயர் வருவதைப் போல.

ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையில் ஆய்வு மாணவராகப் போக 35 வயதுக்குள் இருக்க வேண்டும். நம் யு.ஜி.சி.யின் இளநிலை ஆய்வு நல்கைக்கு வயது வரம்பு 30; பெண்களுக்கு ஐந்தாண்டு தளர்வு. 2016 விதிகள் முனைவர் பட்ட ஆய்வில் பெண்களுக்கு இரண்டாண்டு கூடுதல் காலமும், மகப்பேற்றுக்கோ குழந்தை வளர்ப்புக்கோ 240 நாள் விடுப்பும் தந்தன. இவை போராடிப் பெற்றவை. குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இந்தத் தளர்வுகளெல்லாம் ஒரே ஒரு பெண்ணைத்தான் கற்பனை செய்கின்றன: ஆணைப் போலவே எல்லாம் செய்துகொண்டிருந்து, நடுவில் பிள்ளை பெற்றதால் கொஞ்சம் தாமதமானவள். திருவொற்றியூரில் பி.ஏ. முடித்து, நான்கு வருடம் ஏற்றுமதித் துணி கம்பெனியில் பீஸ் எண்ணிவிட்டு, தம்பி வேலைக்குப் போன பிறகு எம்.ஏ.வுக்கு வருகிறவள் அந்தக் கற்பனையில் இல்லை. அவள் தாமதமாகவில்லை. அவள் வந்த வழி வேறு.

தொகையில் இருக்கும் பள்ளத்தையும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய். நெட் தேர்வில் அந்தத் தகுதியைத் தொடாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறவருக்கு 8,000. அந்த எட்டாயிரத்தையும் 2015இல் நிறுத்தப் பார்த்தபோதுதான் மாணவர்கள் தில்லியில் யு.ஜி.சி. அலுவலகத்தின் முன்னால் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். சிறுபான்மை மாணவர்களுக்கு 2009இல் தொடங்கிய மௌலானா ஆசாத் நல்கை 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் ஒரு முஸ்லிம் பெண் வீட்டாரிடம் ‘படிப்புக்கு அரசாங்கமே பணம் தருது’ என்று சொல்வதற்கு இருந்த ஒரே காகிதம் அது. நல்கை என்பது பணம் மட்டும் அல்ல; திருமணப் பேச்சைத் தள்ளிப்போட ஒரு காரணமும்கூட. இதை எந்தக் கொள்கை அறிக்கையும் எழுதாது. வகுப்பெடுக்கிற எங்களுக்குத் தெரியும்.

இனி ‘கிழக்காசியா’ என்ற சொல். அது எங்கிருந்து பார்க்கப்பட்ட கிழக்கு?

இந்தியாவில் சீனத்தைப் படிக்க முதலில் எழுந்த வீடு சாந்திநிகேதனின் சீன பவனம். 1937இல் தாகூரும் தான் யுன்ஷானும் சேர்ந்து உண்டாக்கியது. அங்கே மொழியும் பௌத்தமும் ஓவியமும் முன்னால் நின்றன. தில்லிப் பல்கலைக்கழகத்தின் சீன ஆய்வு மையம் 1964இல் வந்தது. அதுவே பின்னாளில் கிழக்காசியத் துறையானது. 1962க்கும் 1964க்கும் இடையில் என்ன நடந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கிழக்காசிய ஆய்வு மையம் சர்வதேச ஆய்வுகள் பள்ளியில் இருக்கிறது. சீனம், ஜப்பானியம், கொரியம் மொழிகளுக்கான மையங்கள் மொழிப் பள்ளியில் இருக்கின்றன. அரசியல் ஒரு கட்டடம், கவிதை இன்னொரு கட்டடம். எல்லை, பாதுகாப்பு, வணிகச் சமநிலை, வெளியுறவு என்று நல்கைத் தலைப்புகள் சுற்றிச்சுற்றி வருவதற்குப் பிறப்பிலேயே காரணம் இருக்கிறது. இமயத்திலிருந்து பார்த்தால் கிழக்காசியா ஒரு படை.

எங்கள் கரையிலிருந்து பார்த்தால் அது ஒரு கப்பல். முதலில் வந்தது குண்டு போடத்தான் வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட எம்டன் ஜெர்மானியக் கப்பல்தான். ஆனால் அதன் தளம் சீனக் கரையில் ஜெர்மனி பிடித்து வைத்திருந்த சிங்தாவ். அந்த ஒரு இரவுக்குப் பிறகு ‘அவன் பெரிய எம்டன்’ என்பது தமிழாகிவிட்டது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று ஊரே காலியானது. பிறகு அதே ஜப்பான் கடனாகவும் தொழிற்சாலையாகவும் வந்தது. 2001இல் செயல்பாட்டுக்கு வந்த எண்ணூர்த் துறைமுகத்துக்குக் கடன் தந்தது ஆசிய வளர்ச்சி வங்கி. அதன் தலைவர்கள் தொடக்கம் முதல் இன்றுவரை ஜப்பானியர்களே. 2010 முதல் ஒரகடத்து நிசான் கார்கள் அந்தத் துறைமுகத்தில் வரிசையாக ஏறுகின்றன. சென்னை மெட்ரோவுக்கு ஜைக்கா கடன். இதே கரையில்தான் 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் பரவியது; 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து வலைகளில் ஒட்டியது; அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இவற்றுக்குக் கிழக்காசியாவைக் குற்றம் சொல்லவில்லை. ஒரு கரை எதற்கெல்லாம் தன் உடம்பைக் கொடுக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

கொஞ்சம் மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் விடுதிச் சாப்பாடு நஞ்சாகிப்போனதற்காகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். 2024 ஜூனில், அந்த நிறுவனத்தின் ஐஃபோன் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் தவிர்த்ததை ராய்ட்டர்ஸ் செய்தி வெளியில் கொண்டுவந்தது. தைவான் முதலாளியம், தமிழ்ப் பெண்ணின் தாலி, அமெரிக்கக் கைப்பேசி மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கும் இடம் இது. கிழக்காசிய ஆய்வுக்கு இதைவிடக் கூர்மையான களம் எது? அந்தக் களத்தை உடம்பால் அறிந்தவள் ஆய்வுத்திட்டம் எழுதும் மேசைக்கு வருவதே இல்லை. வந்தால் தகவலாளியாக வருவாள். மேற்கோள் குறிக்குள், பெயர் மாற்றி.

தமிழ் ஆய்வுலகம் கிழக்காசியாவோடு கொண்ட உறவிலும் போக்கு ஒருவழிதான். நொபொரு கராஷிமா இங்கே வந்து கல்வெட்டு படித்தார்; சுப்பராயலு, மத்சுய் ஆகியோரோடு சேர்ந்து அவர் 1978இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயர்த் தொகுதி இல்லாமல் சோழர் சமூக வரலாறு இன்று நகராது. ஷூ ஹிகோசகா இங்கே தமிழகப் பௌத்தத்தை ஆராய்ந்து, பொதியில் மலையை அவலோகிதரின் மலையோடு பொருத்திப் பார்த்தார். அவர்கள் வருவதற்கு அங்கே நிறுவனமும் பணமும் பொறுமையும் இருந்தன. இங்கிருந்து அதே போல் போய், ஜப்பானியக் கல்வெட்டையோ கவிதையையோ இருபது ஆண்டு படித்துத் தமிழில் எழுதியவர்களை எண்ண ஒரு கை போதும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவுக்கு மையம் உண்டு. அதற்கும் கிழக்கே போக வேண்டுமென்றால் தில்லிக்கு வண்டியேற வேண்டும். நகரத்தில் ஜப்பானியம் கற்பவர் ஏராளம். பெரும்பாலும் மென்பொருள் கம்பெனிக்காக, கார் கம்பெனிக்காக. யாரும் மன்யோஷு படிக்க ஹிராகனா எழுதிப் பழகவில்லை.

ஒரு கை என்றேனே, அதில் ஒரு விரல் மனோன்மணி சண்முகதாஸ்.

சுசுமு ஓனோவைத் தமிழ் மேடைகளுக்குத் தெரியும். காக்குஷூயின் பல்கலைக்கழகப் பேராசிரியர். ஜப்பானிய மொழியின் வேரைத் தமிழில் தேடியவர். நெல்லும் உலோகமும் நெசவும் தமிழ்ச் சொற்களோடு யாயோய் காலத்து ஜப்பானுக்குப் போயின என்றவர். வரலாற்று மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. எனக்கும் ஒலி ஒப்புமைப் பட்டியல்கள் ஒரு எல்லைக்கு மேல் நம்பிக்கை தருவதில்லை. ஆனால் அந்த ஆய்வுக்குள் இன்னொரு ஆய்வு இருந்தது. யாழ்ப்பாணத்து அருணாசலம் சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஓனோவோடு இணைந்து பணியாற்றினார்கள். சங்கப் பாடல்களையும் மன்யோஷுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து, ஜப்பானியப் பாடல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்ததில் மனோன்மணியின் உழைப்பு பெரிது. சொல் உறவு பொய்த்தாலும் இந்த வாசிப்பு பொய்க்காது. இரண்டு பழம்பாடல் தொகைகள் ஒன்றையொன்று பார்க்க, அவை ஒரே தாய் வயிற்றில் பிறந்திருக்க வேண்டியதில்லை.

மேடை எதை எடுத்துக்கொண்டது? ஓனோவை. ‘ஜப்பான்காரனே சொல்லிவிட்டான்’ என்பதை. மன்யோஷுவைத் தமிழில் படிக்கத் தந்தவரின் பெயரைச் சொல்லி ஒரு கூட்டம் கைதட்டி நான் கேட்டதில்லை. சொன்னாலும் தம்பதியர் என்று ஒரு பன்மையில் கரைத்துவிடுவார்கள். ஓனோவின் சான்றுகளில் பொங்கலும் உண்டு: தை மாதத்துப் பானையையும் காக்கைக்கு வைக்கும் சோற்றையும் அவர் ஜப்பானின் சிறு புத்தாண்டுச் சடங்குகளோடு ஒப்பிட்டார். முற்றத்தில் அந்தச் சடங்கை ஆண்டாண்டாகக் காத்துவந்தவர்கள் யார் என்று ஒப்பியல் ஆய்வு கேட்பதில்லை.

பெண் வேறொரு வடிவில் இந்த உறவுக் கதைக்குள் நிறையவே வருகிறாள்: மணமகளாக. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கொரிய நூலான சாம்குக் யூசாவில், கி.பி. 48இல் ஆயுத நாட்டிலிருந்து பதினாறு வயதில் கடல் கடந்து வந்து சுரோ மன்னனை மணந்த ஹோ ஹ்வாங் ஓக் இருக்கிறாள். அயோத்தி அவளைத் தன் மகள் என்று சொல்லி நினைவிடம் கட்டிக்கொண்டது. நம்மவர்கள் இல்லை, அவள் தமிழ்நாட்டுப் பெண் என்று பெயரும் ஊரும் கண்டுபிடித்துக் கொடுக்கிறார்கள். இரு தரப்புக்கும் ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடு இல்லை: கொடுத்த வீடு யார் வீடு என்பதுதான் கேள்வி. பதினாறு வயதுப் பெண் தெரியாத மொழி பேசும் அரண்மனையில் முதல் குளிர்காலத்தை எப்படிக் கழித்தாள் என்பது வரலாறும் அல்ல, இனப்பெருமையும் அல்ல. அதனால் அதற்கு நல்கையும் இல்லை.

என் மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இந்த வகையைச் சேர்ந்தது. எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்துப் பெண். அம்மா கூடையில் மீன் விற்கிறவர்; விற்காத மீன் கருவாடாகும். நற்றிணை 45ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். தேரில் வரும் செல்வன் மகனிடம், எங்கள் மேல் மீன்வாடை அடிக்கும், தள்ளி நில், எங்கள் சின்ன வாழ்க்கை எங்களுக்குப் போதும் என்று தோழி சொல்லும் பாட்டு. உரையாசிரியர்கள் இதைச் சேட்படை என்று வகைப்படுத்துவார்கள். தலைவனைத் தள்ளி நிறுத்துவது போல நிறுத்தி நெருங்கச் செய்யும் உத்தி. அவள் எழுந்து, “மேம், இது நிஜமாவே ‘போடா’ன்னு சொல்றதா இருந்தா இன்னா துறை?” என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று படித்துப் படித்து, அந்தப் பாட்டில் இருக்கும் சாதியின் தூரத்தை நாங்கள் காதலின் தூரமாகவே வாசித்துவந்தோம். மீன் உணக்கிப் பறவை ஓட்டும் பெண் சங்கப் பாட்டில் தலைவியாகவே நிற்கிறாள். இந்தப் பெண்ணோ அதே வேலையை விடியலில் செய்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருகிறாள்.

அவளிடம் மன்யோஷுவைப் பற்றிச் சொன்னேன். எட்டாம் நூற்றாண்டுத் தொகை, இருபது தொகுதி, நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேல் பாடல்கள். அதில் பேரரசியும் உண்டு, எல்லைக் காவலுக்குப் போன குடியானவனும் அவன் மனைவியும் உண்டு. ஓதோமோ நோ சகனோவே என்ற பெண்ணின் பாடல்கள் மட்டும் எண்பதுக்கு மேல். நம் ஔவையின் சங்கப் பாடல்கள் 59. கரையோரத்தில் கடற்பாசி எடுக்கிற, உப்புக் காய்ச்சுகிற பெண்கள் அங்கேயும் வருகிறார்கள். ஆனால் பெரும்பாலும் பயணம் போகும் அரசவைக் கவிஞனின் கண்ணுக்குத் தெரியும் காட்சியாக: தூரத்துப் புகை, நனைந்த கை. நெய்தலில் அவளுக்கு, இரவல் குரலிலாவது, பேச்சு இருக்கிறது. இரண்டு கரைகளிலும் உப்பும் மீனும் காயவைத்த பெண்ணின் உழைப்பு எப்போது காட்சியானது, எப்போது பேச்சானது? அத்திப்பட்டு உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவள் கேட்க வேண்டிய கேள்வி இது. தோக்கியோவிலோ தில்லியிலோ இருப்பவருக்கு இது இந்த வரிசையில் தோன்றாது.

அவள் எழுதினாள். நான் ஆங்கிலத்தைத் திருத்தினேன். ஒரு மையம் நேர்காணலுக்கு அழைத்தது. இரண்டு கேள்விகள் அவளுக்கு நினைவிருக்கின்றன. தமிழ்த்துறை மாணவிக்கு ஜப்பான் எதற்கு? நடுவில் திருமணமானால் என்ன செய்வாய்? முதல் கேள்விக்கு அவளிடம் பன்னிரண்டு பக்க விடை இருந்தது. யாரும் அதைப் படித்திருக்கவில்லை. இரண்டாவதற்கு, “அவங்களுக்கும் கருவாடு போட்டுக் குடுத்துட்டுப் படிப்பேன்னு சொல்லியிருக்கணும் மேம்” என்றாள், ரயிலில் திரும்பி வந்த பிறகு.

‘ஜப்பானிய மொழித் தகுதி இல்லை’ என்று எழுதித் தள்ளியிருந்தால் நியாயம் என்றிருப்பேன். மூலமொழி தெரியாமல் ஒப்பிலக்கியம் செய்யக் கூடாது என்பதில் நான் பழமைவாதி. ஆனால் மொழியைக் கற்கத்தானே நல்கை? தில்லி சீன ஆய்வு நிறுவனமும் ஹார்வர்ட்–யென்சிங் நிறுவனமும் சேர்ந்து தரும் முனைவர் பட்ட நல்கையின் அமைப்பிலேயே வெளிநாட்டுப் படிப்பும் சீனத்தில் தங்கிச் செய்யும் களஆய்வும் சேர்ந்திருக்கின்றன. அப்படிக் காலமும் கூலியும் கொடுத்தால் கற்க முடியும் என்பது தெரிந்த விஷயம். தமிழ் எம்.ஏ. படித்தவருக்கு முதலிரண்டு ஆண்டு மொழிக்காக மட்டும் கொடுக்கும் ஒரு இடம் நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் வர வேண்டும். பண்பாட்டு மாநாடுகளுக்கு நாம் செய்யும் பந்தல் செலவைப் பார்த்தவள் என்பதால் பணமில்லை என்ற பதிலை மட்டும் நான் ஏற்க மாட்டேன். உலகமே தமிழிலிருந்து பிறந்தது என்று நிறுவப் பணம் கிடைக்கிறது. உலகத்தைத் தமிழில் படிக்கக் கேட்டால் கோப்பு சுற்றுகிறது.

மணிமேகலைக்கு அவள் பெயர்கொண்ட கடல்தெய்வம் மூன்று மந்திரங்கள் தந்தது: பசியை நீக்க ஒன்று, வான்வழியே போக ஒன்று, வேற்றுருக் கொள்ள ஒன்று. நல்கை என்ற ஏற்பாட்டை இதைவிடச் சரியாக யாரும் வரையறுத்ததில்லை. மாத உதவித்தொகை முதலாவது, விமானச் சீட்டு இரண்டாவது. மூன்றாவதுதான் விஷயம். வஞ்சி நகரில் பல சமயத்தாரின் கொள்கையைக் கேட்கப் போகிறவளிடம் கண்ணகித் தெய்வம் நேராகவே சொல்லிவிடுகிறது: நீ இளம்பெண், உனக்கு யாரும் பொருள் சொல்ல மாட்டார்கள், உருவத்தை மாற்றிக்கொள். அவள் ஆண் துறவியின் வடிவில் போய் அளவைவாதி முதல் பூதவாதிவரை வரிசையாகக் கேட்கிறாள். பௌத்த ஆய்வாளர்கள் இந்தக் காதையைத் தமிழகத்துத் தத்துவ வரலாற்றுக்கு ஆவணமாக எடுத்துப் பேசுவார்கள். அந்த ஆவணத்தின் நுழைவுக் கட்டணத்தைப் பற்றிப் பேச்சு குறைவு.

எனக்கு அதைவிட முக்கியமான இடம் பின்னால் வருகிறது. காஞ்சியில் அறவண அடிகளிடம் அவள் சொல்கிறாள்: வேற்றுருவில் நின்று அவர்கள் சொன்னதைக் கேட்டேன், அந்த உருவம் எப்படி மெய் இல்லையோ அப்படியே அந்தச் சமயங்களும் செம்மையாக இல்லை, மனத்தில் வைக்கவில்லை. இதைப் பௌத்தத்தின் மேன்மை பேசும் இடம் என்று கடந்துவிடலாம். காப்பியத்தின் நோக்கமும் அதுதான். ஆனால் சொந்த உருவத்தோடு கேட்க முடியாத கல்வியை ஒரு பெண் மதிப்பிடும் சொற்களாகவும் அவை நிற்கின்றன. வயதைக் குறைத்து, திருமணத்தை மறைத்து, குப்பத்து உச்சரிப்பைத் தேய்த்து, தமிழை அடிக்குறிப்புக்குத் தள்ளி நேர்காணலில் வென்றவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் எழுதிய ஆய்வேடுகள் நல்லவை. அவற்றில் அவர்கள் வந்த கரை இருக்காது.

அந்த மாணவி இப்போது சென்னையிலேயே பகுதிநேர ஆய்வில் இருக்கிறாள். காலையில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் எடுக்கிறாள். தலைப்பை ‘நெய்தல் பாடல்களில் மகளிர் உழைப்பு’ என்று சுருக்கிப் பதிவு செய்தோம். சுருக்கும்போது வெட்டுப்பட்டது ஜப்பான். ஆனாலும் தமிழில் கிடைக்கும் மன்யோஷு பாடல்களை நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். உப்பும் புகையும் வரும் இடங்களுக்குச் சிவப்பில் கோடு. போன மாதம் முதல் இரண்டு இயல்களைக் கொடுத்தாள். மூன்றாவதில் என்ன எழுதப் போகிறாள் என்று கேட்டேன். அந்தப் பக்கங்களைக் காலியாகவே எண் போட்டு வைத்திருக்கிறாள்.